‘சிவப்பு டீன்’ ஹியூலெட் ஜான்சன்: 32 ஆண்டுகள் யாராலும் அசைக்க முடியாமல் போனது எப்படி?

கல்மண்டபம்:

பனிப்போர்க் கால பிரிட்டனைப் பற்றி எதைப் படிக்க எடுத்தாலும் இந்த மனிதர் குறுக்கே வந்து நிற்கிறார். டாக்டர் ஹியூலெட் ஜான்சன், கேன்டர்பரி பேராலயத்தின் டீன். பத்திரிகைகள் அவருக்கு வைத்த பெயர் ‘சிவப்பு டீன்’. 1931இல் பதவிக்கு வந்தவர் 1963இல், 89ஆவது வயதில், தாமாகவே விலகினார். அந்த இடைவெளியில் லாங், டெம்பிள், ஃபிஷர், ராம்சே என்று நான்கு ஆர்ச்பிஷப்புகளைப் பார்த்துவிட்டார். ஆங்கிலிக்கன் உலகத்தின் தாய்ப் பேராலயம் அது. அதன் தலைமைக் குருவானவர் ஊர் ஊராகப் போய் ஸ்டாலினின் ரஷ்யாவைப் புகழ்ந்துகொண்டிருந்தார்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. பிறப்பு 1874 ஜனவரி 25, மான்செஸ்டரை ஒட்டிய கெர்சலில். அப்பா கம்பி உற்பத்தித் தொழிலதிபர். வீட்டில் வசதிக்குக் குறைவில்லை. மான்செஸ்டர் ஓவன்ஸ் கல்லூரியில் பொறியியல் படித்தார். ஓப்பன்ஷாவில் ரயில் பெட்டி தயாரிக்கும் பட்டறையில் வேலை பார்த்தபோது கூட வேலை செய்த தொழிலாளர்கள்தாம் அவருக்கு சோஷலிசத்தை அறிமுகப்படுத்தினார்கள். மிஷனரியாகும் ஆசையில் ஆக்ஸ்ஃபோர்டு வாடம் கல்லூரிக்குப் போய் இறையியல் படித்தார். ஆனால் விண்ணப்பித்த சர்ச் மிஷனரி சங்கம், இவருடைய கருத்துகள் சரிப்படாது என்று திருப்பி அனுப்பிவிட்டது. 1905இல் குருப்பட்டத்தின் முதல் படி. 1908 முதல் 1924 வரை ஆல்ட்ரிங்கம் புனித மார்கரெட் ஆலயத்தில் குருவானவர். அடுத்து மான்செஸ்டர் பேராலய டீன். பிறகு கேன்டர்பரி.

எனக்கு விடை கிடைக்காத கேள்வி ஒன்றுதான். ஆர்ச்பிஷப்புக்குப் பிடிக்கவில்லை. சக கேனன்களுக்கு, அதாவது பேராலயத்தின் மற்ற குருமார்களுக்கு, பிடிக்கவில்லை. அரசாங்கத்துக்கும் பத்திரிகைகளுக்கும் பிடிக்கவில்லை. அப்படியிருந்தும் 32 ஆண்டுகள் எப்படி?

பாளையங்கோட்டைக்காரன்:

எங்கள் திருநெல்வேலியில் பள்ளிக்கூடமும் கோவிலும் கட்டிய அதே சர்ச் மிஷனரி சங்கம்தானே அவரைத் திருப்பி அனுப்பியது? நல்ல வேலை செய்தார்கள். எடுத்திருந்தால் இங்கே அனுப்பி வைத்திருப்பார்கள், நாங்கள் திண்டாடியிருப்போம்.

சட்டப்புத்தகம்:

கல்மண்டபம் ஐயா, விடை சட்டத்தில்தான் இருக்கிறது. அங்கே பேராலயம் பிஷப்பின் நேரடி ஆட்சியில் இல்லை. டீனும் கேனன்களும் சேர்ந்த ‘சாப்டர்’ என்ற குழுதான் கட்டடம், சொத்து, ஆராதனை எல்லாவற்றையும் நிர்வகிக்கும். ஆர்ச்பிஷப்பின் ஆசனம் அந்தக் கட்டடத்துக்குள் இருக்கிறது. ஆனால் வீட்டுச் சாவி டீனிடம்.

நியமனமும் ஆர்ச்பிஷப் கையில் இல்லை. பிரதமர் பரிந்துரைக்க, அரசர் நியமிப்பார். ஜான்சனை 1924இல் மான்செஸ்டருக்கும் 1931இல் கேன்டர்பரிக்கும் பரிந்துரைத்தவர் ஒரே ஆள்: தொழிற்கட்சியின் முதல் பிரதமர் ராம்சே மெக்டொனால்டு.

நியமித்தாகிவிட்டதா, பிறகு அந்தப் பதவி ‘ஃப்ரீஹோல்டு’. அதாவது அவருடைய வாழ்நாள் உரிமை. எடுக்க வேண்டுமானால் இரண்டே வழிகள். நாட்டின் குற்றவியல் சட்டத்தில் சிக்க வேண்டும், அல்லது திருச்சபை நீதிமன்றத்தில் மதபேதமோ ஒழுக்கக்கேடோ நிரூபிக்கப்பட வேண்டும். ஸ்டாலினைப் புகழ்வது இரண்டிலும் வராது. திரித்துவத்தை மறுத்திருந்தால் மாட்டியிருப்பார். அதில் கைவைக்கவே இல்லை. ஓய்வு வயதும் அப்போது கிடையாது. 70 வயது வரம்பு 1975ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் வந்தது.

பாளையங்கோட்டைக்காரன்:

நம்முடைய சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) குருவானவர்கள் இதைப் படித்தால் பெருமூச்சு விடுவார்கள். இங்கே மாற்றல் உத்தரவு வந்தால் அரிசி மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

சரி, சட்டம் இருக்கட்டும். எனக்கு இந்த மனிதர்மேல் இருக்கும் கோபம் வேறு. அவர் கேன்டர்பரிக்கு வந்தது 1931. அதே 1931 டிசம்பர் 5ஆம் தேதி மாஸ்கோவில் மீட்பராகிய கிறிஸ்து பேராலயத்தை வெடிவைத்துத் தகர்த்தார்கள். ஒரு பேராலயத்தின் பொறுப்பை அப்போதுதான் கையில் வாங்கிய மனிதருக்கு இன்னொரு பேராலயம் மண்ணோடு மண்ணான செய்தி எட்டாமலா இருந்திருக்கும்? அடுத்த பத்தாண்டுகளில் ரஷ்யாவில் பிஷப்புகளும் குருமார்களும் ஆயிரக்கணக்கில் சுடப்பட்டார்கள், முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். 1939 வாக்கில் அந்தப் பரந்த நாட்டில் திறந்திருந்த ஆலயங்கள் சில நூறுதான். பதவியில் உயிரோடு மிஞ்சிய ஆர்த்தடாக்ஸ் பிஷப்புகள் நான்கே பேர். அப்போது ஜான்சன் என்ன எழுதிக்கொண்டிருந்தார்? மார்பில் சிலுவையைத் தொங்கவிட்டுக்கொண்டு, சோவியத் நாடுதான் கிறிஸ்துவின் போதனையை நடைமுறைப்படுத்துகிறது என்று எழுதிக்கொண்டிருந்தார்.

செம்பருத்தி:

அண்ணாச்சி, உங்கள் கோபம் நியாயமானது. அதற்காக அவருடைய வாழ்க்கையை மாஸ்கோவிலிருந்து தொடங்கக் கூடாது. மான்செஸ்டரிலிருந்து தொடங்குங்கள். தொழிற்சாலைப் புகை, ஒற்றை அறைக் குடித்தனங்கள், வேலையில்லாதவர்களின் வரிசை. 1924 முதல் 1931 வரை அந்தப் பேராலயத்தைச் சுற்றி இருந்தது இதுதான். 1930களின் பெருமந்தத்தில் கோதுமையை எரித்தார்கள், காப்பிக்கொட்டையைக் கடலில் கொட்டினார்கள், பக்கத்திலேயே மனிதன் பட்டினி கிடந்தான். இதைப் பார்த்த குருவானவர் ஒருவருக்கு, இந்தப் பொருளாதார ஏற்பாடே பாவம் என்று தோன்றியதில் வியப்பு என்ன இருக்கிறது?

அவர் நேராக மார்க்ஸிடம் போகவும் இல்லை. முதலில் மேஜர் டக்ளஸின் ‘சமூகக் கடன்’ கொள்கையைத்தான் பல ஆண்டுகள் மேடையில் பேசிக்கொண்டிருந்தார். வாங்கும் சக்தி மக்களிடம் இல்லை, அதை அரசு கொடுக்க வேண்டும் என்பது அந்தக் கொள்கை. சோவியத் பக்கம் சாய்ந்தது பிறகுதான். கடைசிவரை கம்யூனிஸ்ட் கட்சியில் சேரவும் இல்லை.

ஸ்பெயின் உள்நாட்டுப் போரையும் மறந்துவிடாதீர்கள். 1937 வசந்தத்தில் குடியரசுப் பகுதிக்கும் பாஸ்க் நாட்டுக்கும் நேரில் போனார். மார்ச் 31ஆம் தேதி துராங்கோ நகரத்தில் திருப்பலி நடந்துகொண்டிருந்த ஆலயத்தின்மீது குண்டு விழுந்து குருவும் மக்களும் செத்தார்கள். குடியரசை எதிர்த்துப் போரிட்ட ஃபிராங்கோவின் ஆட்கள் பழியைச் ‘சிவப்பர்கள்’ மேல் போட்டார்கள். ஜான்சன் திரும்பி வந்து உண்மையைச் சொன்னார். இன்னொரு பாஸ்க் ஊரான குவெர்னிகா குண்டுவீச்சில் எரிந்தது அதற்குச் சில வாரங்கள் கழித்து. இங்கிலாந்தில் மரியாதைக்குரிய திருச்சபைப் பிரமுகர்கள் பலர் அப்போது வாய் திறக்கவில்லை.

நள்ளிரவு வாசகி:

காந்தி கேன்டர்பரிக்குப் போனதாக எங்கோ படித்திருக்கிறேன். இவர் காலத்திலா?

கல்மண்டபம்:

ஆமாம், இவர் வந்த வருடமே. 1931இல் இரண்டாம் வட்டமேசை மாநாட்டுக்காக இங்கிலாந்து போயிருந்தபோது காந்தி ஒரு வார இறுதியில் கேன்டர்பரி டீன் இல்லத்தில் தங்கினார். பேராலயத்துக்குப் பக்கத்தில் இருவரும் நிற்கும் புகைப்படம் இருக்கிறது. ஒரு பக்கம் நெடுநெடுவென்ற டீன், முழங்கால்வரை பொத்தான் போட்ட கறுப்பு கெய்ட்டர் உடையில். இன்னொரு பக்கம் சால்வை போர்த்திய காந்தி. லங்காஷயர் ஆலைகள் இந்தியாவின் அந்நியத் துணி புறக்கணிப்பால் அடிபட்டிருந்த நேரம். மான்செஸ்டர்க்காரரான ஜான்சன் காந்திக்கு வீட்டுக் கதவைத் திறந்ததை நான் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

மெய்யறிவு:

காந்திக்கும் கதவு திறந்தது, ஸ்டாலினுக்கும் கதவு திறந்தது. கதவில் தாழ்ப்பாளே இல்லை போலிருக்கிறது.

இரும்புப்பாலம்:

பொறியாளன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். இவருடைய புத்தகத்தை நான் படித்திருக்கிறேன். ‘தி சோஷலிஸ்ட் சிக்ஸ்த் ஆஃப் தி வேர்ல்டு’. உலக நிலப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு சோவியத் நாடு என்பதால் அந்தத் தலைப்பு. 1939 டிசம்பரில் கொலான்ஸ் பதிப்பகம் வெளியிட்டது. நேரத்தைக் கவனியுங்கள்: ஆகஸ்டில் ஸ்டாலினும் ஹிட்லரும் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள், நவம்பர் 30ஆம் தேதி செஞ்சேனை பின்லாந்துக்குள் புகுந்தது, டிசம்பரில் இந்தப் புத்தகம்! அப்படியும் பதிப்பு மேல் பதிப்பாக விற்றது, பல மொழிகளுக்குப் போனது.

படித்தபோது எனக்குப் பட்டது: அதை எழுதியவர் இறையியலாளர் என்பதைவிட அணைக்கட்டுகளையும் மின் நிலையங்களையும் பார்த்து மயங்கிய இளம் பொறியாளர் என்றே சொல்ல வேண்டும். நீப்பர் அணை, டிராக்டர் ஆலை, எஃகு உற்பத்தி, குழந்தைகள் காப்பகம். பக்கத்துக்குப் பக்கம் உற்பத்திக் கணக்குகள். அந்தக் கணக்குகள் எங்கிருந்து வந்தன? பெரும்பாலும் சோவியத் அரசின் வெளியீடுகளிலிருந்து. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் மேலதிகாரி சொல்லிக்கொடுத்த முதல் பாடம், ஒப்பந்ததாரர் கொடுக்கும் அளவுப் புத்தகத்தை நம்பிப் பில்லில் கையெழுத்துப் போடாதே, நாடாவை எடுத்துக்கொண்டு நீயே போய் அள என்பது. சிவில் பொறியியல் படித்த ஜான்சன் அதைத்தான் செய்யவில்லை.

செம்பருத்தி:

1937இல் மூன்று மாதம் அங்கே சுற்றினார். நேரில் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது.

இரும்புப்பாலம்:

சுற்றினார், தோழர். காட்டியதைப் பார்த்தார். 1937 எப்படிப்பட்ட ஆண்டு என்று உங்களுக்கும் தெரியும். அந்தக் கோடையில்தான் பெரும் களையெடுப்புக்கான உத்தரவு கையெழுத்தானது. ரயிலில் இவர் கடந்துபோன ஊர்களில் இரவில் கதவு தட்டப்பட்டது. உக்ரைன் பஞ்சம் முடிந்து நான்கு வருடம்கூட ஆகவில்லை.

கல்மண்டபம்:

இங்கேதான் என் கருத்தைச் சொல்ல வேண்டும். துராங்கோவில் இவருக்கு வழிகாட்டி என்று யாரும் திரை போட்டு மறைக்கவில்லை. இடிபாடு கண்ணெதிரே கிடந்தது, அதைச் சொன்னார். மான்செஸ்டர் சேரியும் அப்படித்தான். விருந்தாளியாகப் போன இடத்தில் மட்டும் இந்த மனிதருக்குக் கண் வேலை செய்யவில்லை. எளிதில் நெகிழ்ந்துவிடும் சுபாவம். யாராவது அன்பாகக் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்தையும் மருத்துவமனையையும் காட்டினால், அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைத்தவர்போல நடந்துகொண்டார். வில்லன் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அப்பாவி என்று விட்டுவிடவும் முடியவில்லை. படித்தவர், பணக்காரர், உலகம் சுற்றியவர், 60 வயதைத் தாண்டியவர்.

பாளையங்கோட்டைக்காரன்:

அப்பாவி என்ற சொல்லையே எடுத்துவிடுங்கள். ரஷ்யாவில் சிறையில் கிடந்த ஒரு குருவானவரின் பக்கத்தில் நின்று அந்தச் சொல்லைச் சொல்ல முடியுமா என்று யோசியுங்கள்.

நள்ளிரவு வாசகி:

போர்க்காலத்தில் பேராலயத்துக்கு என்ன ஆனது? டீன் ஊரில் இருந்தாரா, அல்லது மேடையிலேயே இருந்தாரா?

கல்மண்டபம்:

இருந்தார். இந்தப் பகுதியில் அவரை எதிரிகளும் குறை சொல்லவில்லை. 1942 மே 31 இரவு, ஜூன் 1 விடியுமுன், ஜெர்மன் விமானங்கள் கேன்டர்பரியைக் குறிவைத்தன. கொலோன் நகரத்தின்மீது பிரிட்டன் நடத்திய பெரும் தாக்குதலுக்குப் பழி. ஊரின் ஒரு பெரும் பகுதி எரிந்தது. பேராலயத்தின் கூரையில் காவல் நின்றவர்கள் தீக்குண்டுகளை ஒவ்வொன்றாகத் தரைக்குத் தள்ளிவிட்டார்கள். அவர்கள் இல்லையென்றால் இன்று அந்தக் கட்டடம் இருந்திருக்காது. பேராலய நூலகம் நொறுங்கியது. டீன் இல்லமும் பலத்த சேதம் அடைந்தது. ஜான்சன் அப்போது 68 வயதுக்காரர், ஊரைவிட்டுப் போகவில்லை. மனைவியும் இரண்டு சின்னப் பெண் குழந்தைகளும் மட்டும் வேல்ஸில் பாதுகாப்பாக இருந்தார்கள். (முதல் மனைவி மேரி 1931இல் இறந்துவிட்டார். 1938இல் ஓவியரான நோவெல் எட்வர்ட்ஸை மணந்தார். முதல் குழந்தை பிறந்தபோது டீனுக்கு வயது 66.)

பழைய வண்ணக் கண்ணாடிச் சன்னல்களை முன்கூட்டியே கழற்றிப் பத்திரப்படுத்தியிருந்தார்கள். 12ஆம், 13ஆம் நூற்றாண்டுக் கண்ணாடி. அந்தப் பேராலயத்திலேயே கொல்லப்பட்ட 12ஆம் நூற்றாண்டு ஆர்ச்பிஷப் தாமஸ் பெக்கெட்டின் அற்புதங்களைச் சொல்லும் சன்னல்கள் இன்றும் வெளிச்சத்தை வாங்கிக்கொண்டு நிற்பதற்கு அந்த முன்யோசனை ஒரு காரணம்.

சட்டப்புத்தகம்:

போர் வந்ததால் அவருடைய நிலைமையே தலைகீழாக மாறியது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1940இல் கேன்டர்பரி கேனன்கள் ஒன்றுகூடி, டீனின் அரசியல் பேச்சுக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை என்று டைம்ஸ் நாளிதழுக்குக் கடிதம் எழுதினார்கள். தினமும் ஒரே ஆலயத்தில் பக்கத்துப் பக்கத்து ஆசனத்தில் உட்கார்ந்து சங்கீதம் பாடுகிறவர்கள் அப்படிக் கடிதம் எழுதினால் எப்படி இருந்திருக்கும்! ஒரு வருடம் கழித்து, 1941 ஜூனில், ஹிட்லர் ரஷ்யாமீது பாய்ந்தான். ரஷ்யா நட்பு நாடாகிவிட்டது. நேற்றுவரை துரோகி என்று திட்டிய ஊர்களிலேயே ஜான்சனின் கூட்டத்துக்கு அரங்கம் நிரம்பியது. 1945இல் மாஸ்கோ போய் ஸ்டாலினையே சந்தித்தார். உழைப்புச் செங்கொடி விருதும் பெற்றார். அடுத்த இரண்டு மூன்று வருடத்தில் பனிப்போர் வர, மறுபடியும் துரோகி. 1948இல் அமெரிக்கா விசா கொடுக்கத் தயங்கியது. பிரிட்டிஷ் உளவுத்துறை இவருக்குத் தனிக் கோப்பே வைத்திருந்தது. இப்போது அது பொது ஆவணம்.

மெய்யறிவு:

அவர் மாறவில்லை, ஊர்தான் மாறி மாறிப் பேசியது என்பீர்களா?

சட்டப்புத்தகம்:

அவர் மாறவில்லை என்பதுதான் அவர்மேல் இருக்கும் குற்றச்சாட்டே. 1956இல் ஹங்கேரியில் எழுந்த கிளர்ச்சியை அடக்க சோவியத் டாங்கிகள் இறங்கின. பிரிட்டனின் கம்யூனிஸ்டுகளே ஆயிரக்கணக்கில் கட்சியைவிட்டு வெளியேறினார்கள். கட்சியில் இல்லாத இவர் சோவியத் பக்கத்திலேயே நின்றார்.

நள்ளிரவு வாசகி:

கிருமிப் போர் சர்ச்சை என்று ஒன்று உண்டே, அது என்ன?

சட்டப்புத்தகம்:

1952, கொரியப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். அமெரிக்கா நோய்க்கிருமி தாங்கிய பூச்சிகளை வானத்திலிருந்து வீசுகிறது என்று சீனாவும் வட கொரியாவும் குற்றம் சாட்டின. ஜான்சன் சீனாவுக்குப் போனார், காட்டப்பட்ட சாட்சியங்களைப் பார்த்தார், சீனக் கிறிஸ்தவர்களின் முறையீட்டையும் வாங்கிக்கொண்டு ஜூலையில் திரும்பி வந்து இது உண்மை என்று அறிவித்தார். பிரிட்டிஷ் வீரர்கள் அதே போரில் செத்துக்கொண்டிருந்தார்கள். நாடு கொதித்தது.

பிரபுக்கள் சபையில் அந்த மாதமே விவாதம். ஆர்ச்பிஷப் ஃபிஷர் எழுந்து, டீனின் பேச்சை வன்மையாகக் கண்டித்தார். கூடவே, அவரை நீக்கும் அதிகாரம் தமக்கு இல்லை என்பதையும் விளக்க வேண்டியிருந்தது. வெளிநாட்டுப் பத்திரிகைகள் பல, ஜான்சனையே ஆர்ச்பிஷப் என்று நினைத்துக்கொண்டிருந்தன. ‘கேன்டர்பரி’ என்ற ஊர்ப் பெயர் போதுமே! அந்தக் குழப்பத்தைத் தீர்ப்பதே ஃபிஷருக்குப் பல வருட வேலையாக இருந்தது.

தேசத்துரோக வழக்குப் போடலாமா என்றும் அரசாங்கம் யோசித்தது, பிறகு விட்டுவிட்டது. பேச்சுரிமை என்று ஒன்று இருந்தால் முட்டாள்தனமான பேச்சையும் விஷமான பேச்சையும் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும், உரிமையை ஒழிப்பதைவிட அது மேல் என்ற பொருளில் சர்ச்சில் மக்கள் சபையில் பதில் சொன்னார். கம்யூனிசத்தின் பரம எதிரியான சர்ச்சில்!

செம்பருத்தி:

கிருமிப் போர்க் குற்றச்சாட்டை இன்றும் உண்மை என்று வாதிடும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். ஒரே அடியாகப் பொய் என்று தள்ளிவிட வேண்டாம்.

சட்டப்புத்தகம்:

இருக்கிறார்கள், தோழர். ஆனால் 1998இல் வெளிவந்த சோவியத் ஆவணங்கள், சாட்சியங்கள் போலியாகத் தயாரிக்கப்பட்டவை என்று 1953இலேயே மாஸ்கோவுக்கு உள்ளேயே பேசிக்கொண்டதைக் காட்டுகின்றன. அவற்றின்மீதும் விவாதம் உண்டு என்பது சரி. ஜான்சனைப் பொறுத்தவரை கேள்வி எளியது. நோய்க்கிருமி நிபுணர் அல்லாத 78 வயதுக் குருவானவர், சில பூச்சிகளையும் சில வாக்குமூலங்களையும் வைத்து அவ்வளவு பெரிய குற்றச்சாட்டை உறுதி செய்யலாமா?

பாளையங்கோட்டைக்காரன்:

சோவியத் அரசு கொடுத்த ஸ்டாலின் சமாதானப் பரிசை இவர் வாங்கியதை ஒருவரும் இன்னும் சொல்லவில்லை.

கல்மண்டபம்:

சொல்ல நினைத்தது உண்டு, காரணம் அந்தப் பட்டியலில் இருந்த இன்னொருவர். 1951 ஏப்ரலில் அறிவித்த முதல் பட்டியலில் விஞ்ஞானி ஜோலியோ கியூரி, சீனத் தலைவர் சுன் யாட்சென்னின் மனைவி சூங் சிங்லிங் ஆகியோரோடு இரண்டு ஆங்கிலிக்கன் மரபுக் குருமார்களின் பெயர்கள் இருந்தன. ஒருவர் ஜான்சன். மற்றவர் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பிஷப்பாக இருந்து ஓய்வுபெற்ற ஆர்தர் மோல்டன். இவரும் சமாதான இயக்கத்துக்காரர்தான், இவருக்கும் பரிசுப் பணம் வந்தது. மோல்டன் வேண்டாம் என்று மறுத்துவிட்டார். ஜான்சன் வாங்கிக்கொண்டார்.

பாளையங்கோட்டைக்காரன்:

அந்த மோல்டனைப் பற்றி யாராவது தனி இழை தொடங்குங்கள். இவரைப் பற்றிப் பேசியது போதும்.

செம்பருத்தி:

போதாது அண்ணாச்சி. அணுகுண்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். டீன் இல்லத்தின் முகப்பில், ‘கிறிஸ்தவர்களே, அணு ஆயுதத்தைத் தடைசெய்யுங்கள்’ என்ற பொருளில் பெரிய பதாகை கட்டி வைத்தார். பேராலயத்துக்கு வருகிற ஒவ்வொரு சுற்றுலாப் பயணியும் அதைக் கடந்துதான் போக வேண்டும். முகம் சுளித்தவர்கள் ஏராளம். பின்னால் 1960களில் அணு ஆயுத எதிர்ப்பு ஊர்வலங்களில் குருமார்கள் கூட்டமாக நடந்தார்கள், அதை யாரும் கிறுக்கு என்று சொல்லவில்லை. முன்னால் போனவருக்குக் கிடைத்தது வசவு.

இரும்புப்பாலம்:

சோவியத் அணுகுண்டையும் சேர்த்தா கண்டித்தார்?

செம்பருத்தி:

அந்தப் பதாகையில் நாட்டின் பெயர் எதுவும் இல்லை.

இரும்புப்பாலம்:

பதாகையில் இல்லை. பேச்சில் இருந்தது, ஒரே ஒரு நாட்டின் பெயர்.

நள்ளிரவு வாசகி:

சண்டைக்கு நடுவே ஒரு சந்தேகம். அரசியலை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், டீன் வேலையை ஒழுங்காகச் செய்தாரா? ஆராதனை, பாடகர் குழு, கட்டடப் பராமரிப்பு?

கல்மண்டபம்:

செய்தார் என்றே தெரிகிறது. அவருக்கு முன்பிருந்த ஜார்ஜ் பெல் 1924 முதல் 1929 வரை டீனாக இருந்து, பேராலய நண்பர்கள் சங்கம், நாடக விழா என்று அந்த இடத்துக்குப் புது உயிர் கொடுத்திருந்தார். அடுத்த டிக் ஷெப்பர்டு உடல்நலக் குறைவால் இரண்டே ஆண்டில் விலகினார். ஜான்சன் பெல் தொடங்கியவற்றை விடாமல் நடத்தினார். நல்ல குரல், கணீரென்ற பிரசங்கம், ஆராதனை முறைகளில் கண்டிப்பு. பொறியாளர் என்பதால் கல், சுண்ணாம்பு, கூரை ஈயம் பற்றிக் கொத்தனாரோடு கொத்தனாராகப் பேசக் கூடியவர். கேனன்களோடு மட்டும் ஆயுள்வரை புகைச்சல். அரசியலை ஆலயப் பிரசங்க பீடத்துக்கு வெளியேதான் அதிகம் பேசினார் என்று அவருடைய ஆதரவாளர்கள் சொல்வார்கள். ஆனால் அவர் உடுத்திய கெய்ட்டரும் சிலுவையும் எல்லா மேடைக்கும் கூடவே போயின. கூட்டம் போட்டவர்களுக்கு வேண்டியிருந்ததும் அதுதானே!

மெய்யறிவு:

டீன்கள் என்றாலே அரசாங்கத்துக்குத் தலைவலி போலிருக்கிறது. டப்ளினில் எழுத்தாளர் ஜோனதன் ஸ்விஃப்ட் ஒருவர் இருந்தாரே.

சட்டப்புத்தகம்:

நல்ல ஒப்பீடு. ஸ்விஃப்ட் 1713 முதல் 1745இல் இறக்கும்வரை டப்ளின் புனித பாட்ரிக் பேராலயத்தின் டீன். ஜான்சனைப் போலவே 32 ஆண்டுகள். 1722இல் வுட் என்பவருக்கு அயர்லாந்துக்கான செப்புக் காசு அடிக்கும் உரிமையை லண்டன் கொடுத்தது. அதை எதிர்த்து 1724இல், ஜவுளிக்காரர் ஒருவர் எழுதுவதுபோல் புனைபெயரில் கடிதங்கள் எழுதி ஊரையே எழுப்பினார். எழுதியவரைக் காட்டிக்கொடுத்தால் 300 பவுண்டு என்று அரசாங்கம் அறிவித்தது. டப்ளினில் எல்லோருக்கும் ஆள் யார் என்று தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. காசுத் திட்டம் கைவிடப்பட்டது.

வித்தியாசமும் பெரியது. ஸ்விஃப்ட் தன் பேராலயத்தைச் சுற்றி வாழ்ந்த மக்களுக்காகப் பேசினார். அவர்கள் அவரைக் காப்பாற்றினார்கள். ஜான்சனை ஊர் காப்பாற்றவில்லை, சட்டம்தான் காப்பாற்றியது.

நள்ளிரவு வாசகி:

அந்த வாழ்நாள் உரிமை இன்றும் இருக்கிறதா?

சட்டப்புத்தகம்:

இங்கிலாந்தில் 2011 ஜனவரிக்குப் பிறகு நியமனம் ஆகிறவர்களுக்கு இல்லை. பணி மதிப்பீடு, திறன் விசாரணை எல்லாம் வந்துவிட்டன. இன்று ஒரு ஜான்சன் வந்தால் 32 ஆண்டுகள் தாக்குப்பிடிப்பது கடினம்.

பாளையங்கோட்டைக்காரன்:

நல்லதாகப் போயிற்று.

செம்பருத்தி:

நல்லதா? நாளைக்கு ஒரு டீன் அரசாங்கத்தின் போரை எதிர்த்துப் பேசினால், ‘திறன் விசாரணை’ யார்மேல் பாயும் என்று நினைக்கிறீர்கள்?

சட்டப்புத்தகம்:

அந்தக் கேள்விக்கு ஜான்சனைவிடப் பொருத்தமான ஆள் தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் டீன் கோன்வில் ஃப்ரெஞ்ச் பெய்டா. 1912இல் ஷாங்காயில் பிறந்தவர். நிறவெறிக்கு எதிராகப் புனித மரியாள் பேராலயத்தில் பேசினார், அரசியல் கைதிகளின் குடும்பங்களுக்குப் பணம் கொடுத்து உதவினார். 1971 ஜனவரியில் கைதானார். பயங்கரவாதச் சட்டத்தின்கீழ் வழக்கு. அந்த நவம்பரில் ஐந்தாண்டுச் சிறைத் தண்டனை. வழக்கறிஞர் சிட்னி கென்ட்ரிட்ஜ் அவருக்காக வாதாடினார். 1972 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. உடனே நாட்டைவிட்டு இங்கிலாந்து போய்விட்டார். 1975இல் அதே பேராலயத்துக்கு முதல் கறுப்பின டீனாக வந்தவர் டெஸ்மண்ட் டூட்டு.

பாளையங்கோட்டைக்காரன்:

இவருக்கு நான் எழுந்து நின்று வணக்கம் சொல்வேன். தன் ஊர் அரசாங்கத்தை, தன் ஊரிலேயே நின்று, சிறை கண்ணெதிரே தெரியும்போது எதிர்த்தார். ஜான்சன் ஐயா மாஸ்கோவில் விருந்து சாப்பிட்டுவிட்டு வந்து கேன்டர்பரியில் தூங்கினார்.

செம்பருத்தி:

1942இல் அவர் தூங்கிய வீட்டின்மேல் குண்டு விழுந்ததை இதே இழையில் படித்தோம், அண்ணாச்சி.

கல்மண்டபம்:

கடைசிக் காலத்தைக் கேட்டவர்களுக்காக: 1963இல் விலகியபின் கேன்டர்பரியிலேயே குடியிருந்தார். 1966 அக்டோபர் 22இல், 92 வயதில் காலமானார். பேராலயத்தை ஒட்டிய மடத்து முற்றத்தில் அடக்கம் செய்தார்கள். கடிதங்களும் நாட்குறிப்புகளும் கென்ட் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. ஆய்வாளர்கள் இன்னும் அவற்றைத் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். ஃப்ரெஞ்ச் பெய்டாவுக்குத் தனி இழை தொடங்குகிறேன். சட்டப்புத்தகம் ஐயா, அந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பின் காரணங்களை நீங்கள்தான் முதல் பதிவாக எழுத வேண்டும்.

சட்டப்புத்தகம்:

எழுதுகிறேன். அண்ணாச்சி, மோல்டன் இழையை நீங்கள் தொடங்குங்கள்.

பாளையங்கோட்டைக்காரன்:

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து தொடங்குகிறேன். செம்பருத்தி தங்கச்சியும் வந்துவிட வேண்டும்; எதிர்த்துப் பேச ஆள் இல்லையென்றால் எனக்கு எழுத வராது.